கதைப்பாடல் வழியே ஆங்கிலத்துக்குள்

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, தெற்கே செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரிக்கோ வடக்கே தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கோ பி.ஏ. ஆங்கிலம் படிக்கப் போகும் மாணவர்கள் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்களும் அவர்களில் உண்டு. பேவுல்ஃப், சாசர், பாலட் என்று பாடத்திட்டத்தில் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும்போது அவர்கள் செய்யும் முதல் காரியம் ஒரு கைடு வாங்குவது. அடுத்தது, அதிலுள்ள கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்வது. மதிப்பெண் வந்துவிடும், மொழி வராது.

இந்த அத்தியாயம் வேறு வழி ஒன்றைச் சொல்கிறது. ஆங்கிலத்தின் தொடக்ககால இலக்கியம் பெரும்பாலும் கூட்டத்தின் நடுவே பாடவும் சொல்லவும் பிறந்தது. அதைக் கேட்பதற்கான காது தமிழ் மாணவருக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த காது அது. பள்ளியில் மோனை, எதுகை பிரித்த காது அது. அந்தக் காதை நம்பி உள்ளே போனால் இலக்கியமும் இலக்கணமும் மரபுத்தொடரும் சேர்ந்தே பிடிபடும்.

மாமல்லபுரத்தை வைத்து ஒரு காலக்கோடு

இலக்கிய வரலாற்றின் ஆண்டுகள் தனியாக மனத்தில் நிற்பதில்லை. தெரிந்த ஊரோடு கட்டிவைத்தால் நிற்கும். செங்கல்பட்டு மாவட்ட மாணவருக்கு அதற்கு வசதியான ஊர் மாமல்லபுரம்.

7ஆம் நூற்றாண்டின் நடுவில் மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் ஆண்டான். ஏறத்தாழ அதே தலைமுறையில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், விட்பி என்ற ஊரின் மடத்தில், கேட்மன் என்ற மாடு மேய்ப்பவர் பாடல் கட்டினார். பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிஞர்களில் முதல்வர் அவர்தான். அடுத்து, ராஜசிம்மன் கடற்கரைக் கோயிலை எழுப்பியது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கேட்மனின் கதையை நமக்குச் சொல்லும் பீட் என்ற துறவி தம் வரலாற்று நூலை முடித்தது 731இல். பேவுல்ஃப் காப்பியத்தின் ஒரே கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த காலம். 1731இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் அந்தப் பிரதியின் ஓரங்கள் கருகின. ஆனால் 3,182 வரிகளும் பெரிதும் தப்பிப் பிழைத்தன.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அரசவையில் பிரெஞ்சு ஏறியது, ஆங்கிலம் தெருவுக்கு இறங்கியது. மூன்று நூற்றாண்டு கழித்து சாசர் அதே மக்கள் மொழியில் 'காண்டர்பரி கதைகள்' எழுதினார். 1400இல் அவர் இறந்தபோது நூல் முடிந்திருக்கவில்லை, கையில் இருந்தவை 24 கதைகள். அவற்றுள் மூன்று குடிகாரர்கள் மரணத்தைத் தேடிப்போய், வழியில் தங்கப் புதையலைக் கண்டு, ஒருவரையொருவர் கொன்று தீர்க்கும் கதையிலிருந்து இந்திய மாணவர் தொடங்கலாம். இதன் உறவுக்கதை பௌத்த ஜாதகக் கதைகளில் இருக்கிறது. வேதப்ப ஜாதகம் என்று பெயர். சாசர் அந்நியர் என்ற எண்ணம் அந்த ஒரு கதையிலேயே கரையும்.

பேவுல்ஃபில் கூழை மோனை

சாசருக்கு முந்திய பழைய ஆங்கிலக் கவிதையில் அடியின் கடைசியில் ஒலி ஒன்றிவரும் இயைபு அநேகமாகக் கிடையாது. அடியைக் கட்டிப்பிடிப்பது முதலெழுத்தின் ஒற்றுமை, அதாவது மோனை. இந்த இடத்தில் தமிழ் யாப்பு படித்தவர் ஆங்கிலேய மாணவரைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்.

பேவுல்ஃபின் ஒவ்வோர் அடியிலும் நான்கு அழுத்தங்கள், நடுவில் ஓர் இடைவெளி, பக்கத்துக்கு இரண்டு. மூன்றாவது அழுத்தம்தான் தலைமை. அதன் முதலொலி, முதலாவது அல்லது இரண்டாவது அழுத்தத்தோடு ஒன்ற வேண்டும்; இரண்டோடும் ஒன்றலாம். நான்காவது பொதுவாக ஒன்றாமல் விலகி நிற்கும். நாற்சீரடியில் ஒன்றிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு மோனை, ஒன்று, இரண்டு, மூன்றில் வந்தால் கூழை மோனை என்று பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டதை நினைவுபடுத்திக்கொண்டால், பேவுல்ஃபின் அடிகளில் பெரும்பகுதிக்கு அந்தப் பெயர்களையே சூட்டலாம். இரண்டு வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் கணக்கு சீருக்கு, அங்கே அழுத்தத்துக்கு. தமிழில் உயிரெழுத்துகளுக்குள் இனம் பார்க்கிறோம், அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் ஒன்றும்.

இன்னொன்று, கூட்டுச்சொல். கடல் என்று சொல்லாமல் 'திமிங்கலப் பாதை' என்பார்கள். அரசனை 'மோதிரம் வழங்குபவன்' என்பார்கள். அன்மொழித்தொகை படித்தவருக்கு இந்தப் பழக்கம் புதிதாகத் தோன்றாது.

முதலாண்டு மாணவர் பேவுல்ஃபை மூலத்தில் படிக்கவேண்டிய தேவையில்லை. 1999இல் வெளிவந்த ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பு போதும். ஆனால் மூலத்தின் ஐந்து நிமிட ஒலிப்பதிவையாவது கேட்க வேண்டும். பொருள் புரியாவிட்டாலும் மோனை விழும் இடத்தில் விரல் தானாகத் தட்டும்.

பாலட்: நான்கு தட்டும் ஒரு கதையும்

பாலட் என்பது கதையைச் சொல்லும் நாட்டுப்பாடல். ஆசிரியர் பெயர் தெரியாது; வாய்வழி வந்தது; ஒரே பாடலுக்குப் பத்து வடிவங்கள் இருக்கும். தேசிங்கு ராஜன் கதை, நல்லதங்காள் கதை, முத்துப்பட்டன் கதை ஆகியவற்றைத் தெரிந்தவருக்கு இதற்குமேல் வரையறை தேவையில்லை.

அதன் வடிவத்தைக் கைதட்டிப் பழகலாம். நான்கு வரிகள் ஒரு பத்தி. முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் நான்கு அழுத்தங்கள். இரண்டிலும் நான்கிலும் மூன்று. இரண்டாம் வரியும் நான்காம் வரியும் இயைபால் முடியும். கும்மிக்குத் தட்டுவதுபோல எல்லா வரிகளுக்கும் நான்கு தட்டு தட்டினால், குட்டை வரிகளில் நான்காவது தட்டு சொல்லில்லாத இடத்தில் விழும். பாடுபவர் மூச்சு வாங்குவது அங்கேதான். தேர்வில் பாலட் யாப்பைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்தத் தட்டுக் கணக்கே விடை.

கதை சொல்லும் முறையும் தனி. பாலட் நிகழ்ச்சியைத் தாவித்தாவிச் சொல்லும்; உச்சமான ஓரிடத்தில் நின்று நிதானிக்கும். 'சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்' என்ற ஸ்காட்லாந்துப் பாடலில் அரசன் மது அருந்தியபடி நல்ல மாலுமி யார் என்று கேட்கிறான். கடிதம் போகிறது. கடற்கரையில் அதைப் படிக்கும் ஸ்பென்ஸ் முதலில் சிரிக்கிறான், பிறகு கண் கலங்குகிறான். புயல் காலத்தில் கடலுக்குள் அனுப்புகிறார்கள் என்பது அவனுக்குப் புரிகிறது. கப்பல் மூழ்கும் காட்சியைப் பாடல் விரைவாகக் கடந்துவிடுகிறது. திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்களிடத்தில்தான் நிற்கிறது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களில் வளர்ந்த மாணவருக்கு இந்தப் பாடலுக்கு விளக்கவுரை வேண்டாம்.

வளர்ந்துகொண்டே போகும் அடுக்கு மூன்றாவது அடையாளம். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறும். அந்த மாற்றத்தில் கதை நகரும். 'லார்டு ராண்டல்' பாடலில் தாய் கேட்டுக்கொண்டே போகிறாள். எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய், உன் வேட்டை நாய்கள் என்ன ஆயின? மகன் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லச் சொல்ல, அவனுக்கு நஞ்சு ஊட்டப்பட்டிருப்பது தெரியவருகிறது. நம் தாலாட்டில் அழும் குழந்தையிடம் தாய், அடித்தது அத்தையா, மாமனா என்று உறவை மாற்றி மாற்றிக் கேட்பதும் இதே உத்திதான். ஒன்று கண்ணீரில் முடிகிறது, மற்றது தூக்கத்தில் முடிகிறது.

தேசிங்கு ராஜன் கதையை இவற்றோடு சேர்த்துப் படிப்பது மிகவும் பயன் தரும். ஊரப்பாக்கத்தைத் தொட்டுச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே திண்டிவனம் போய் மேற்கே திரும்பினால் செஞ்சி. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்த தேஜ்சிங்கைத்தான் மக்கள் தேசிங்கு ஆக்கினர். அடங்காத குதிரையை அடக்கும் வீரம், திருமணத்தை விட்டுப் போருக்கு ஓடிவரும் நண்பன் மகமத்கான், இருவரின் மரணம், ராணியின் தீக்குளிப்பு என்று கதை தாவும். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப் போர்களைப் பாடும் 'செவி சேஸ்' பாலடை அதன் பக்கத்தில் வைத்தால், தோற்ற வீரனைப் பாட்டு எப்படிப் பெரியவனாக்குகிறது என்ற கேள்விக்கு ஒப்பிலக்கியக் கட்டுரையே எழுதலாம்.

யார் திரட்டினார்கள்?

தாமஸ் பெர்சி என்ற பாதிரியார் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, வேலைக்காரப் பெண்கள் பழைய கையெழுத்துப் புத்தகம் ஒன்றின் தாள்களைக் கிழித்து அடுப்புப் பற்றவைப்பதைக் கண்டார். மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, அதை அடிப்படையாக வைத்து 1765இல் பாடல் தொகுப்பு வெளியிட்டார். ஏட்டுச்சுவடிகள் அழிந்த கதையை உ.வே.சா. வழியாக அறிந்த தமிழருக்கு அந்தக் காட்சி வலிக்கும். பெர்சியின் தொகுப்பு ஒரு தலைமுறைக் கவிஞர்களின் காதைத் திறந்தது. 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தங்கள் நூலுக்கு 'லிரிகல் பாலட்ஸ்' என்று பெயரிட்டதற்குப் பின்னால் அது இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுதிகளில் 305 பாலடுகளுக்கு எண் கொடுத்தார். இன்றும் ஆய்வாளர்கள் பாடலை அந்த எண்ணால்தான் குறிப்பிடுகிறார்கள். 'லார்டு ராண்டல்' 12, 'சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்' 58. இணையத்தில் தேடும்போது 'சைல்ட் 58' என்று தட்டினால் எல்லா வடிவங்களும் கிடைக்கும்.

தமிழில் அந்தப் பணியைச் செய்தவர் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). கட்டபொம்மு, கான்சாகிபு, முத்துப்பட்டன், காத்தவராயன் கதைப்பாடல்களை அவர் பதிப்பித்தார்; மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1871இல், சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு நூலாகச் சென்னையில் வெளியிட்டிருந்தார்.

அச்சிலும் இரு மரபுகளும் ஒத்துப்போகின்றன. இங்கிலாந்துத் தெருக்களில் ஒரு பென்னிக்கு விற்ற ஒற்றைத்தாள் பாலடுகளில் மேலே ஒரு மரச்செதுக்குப் படம் இருக்கும். இன்ன மெட்டில் பாடுக என்ற குறிப்பும் இருக்கும். கொலை, வெள்ளம், தூக்குத்தண்டனை எல்லாம் பாட்டாகும். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். மெட்டின் பெயர்கூடத் தலைப்பின் கீழே இருக்கும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' நூலை ஆங்கில மாணவர் அவசியம் படிக்க வேண்டும். ஒற்றைத்தாள் பாலடுகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் அதன்பின் எளிதில் விளங்கும்.

ராபர்ட் சதே என்ற கவிஞர் மாமல்லபுரக் கடற்கரையோடு தொடர்புள்ளவர். 'இஞ்ச்கேப் ராக்' என்ற அவருடைய கடல் பாலட் பல பாடநூல்களில் இடம்பெற்றது. கப்பல்களை எச்சரிக்கப் பாறையில் கட்டிய மணியை ஒரு கொள்ளைக்காரன் அறுத்தெறிகிறான். பின்னொரு நாள் அவன் கப்பலே அந்தப் பாறையில் மோதுகிறது. இதே சதே 1810இல் வெளியிட்ட 'கெஹாமாவின் சாபம்' என்ற நெடுங்கவிதையில் கடலில் மூழ்கிய மாமல்லபுரத்தை வருணிக்கிறார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் எழுதிய மாமல்லபுரக் கட்டுரையே அவருக்கு ஆதாரம். கட்டுரையையும் கவிதைப் பகுதியையும் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்கு ஒருமுறை போய்வருவது, செங்கல்பட்டு மாணவருக்கு மட்டுமே வாய்க்கும் செய்முறை வகுப்பு.

பாடலிலிருந்து இலக்கணம்

பழைய பாடல்களில் வரும் இலக்கணம் வழக்கொழிந்ததுதான். ஆனாலும் இன்றைய ஆங்கிலத்தில் தமிழ் மாணவர் தடுக்கி விழும் இடங்களுக்கு அது காரணம் சொல்லும்.

நீயும் நீரும்: 'தௌ' என்பது எழுவாயாக வரும் 'நீ'; 'தீ' என்பது 'உன்னை'; 'தை' என்பது 'உன்'. 'யீ', 'யூ' முதலில் பன்மை. 13ஆம் நூற்றாண்டு முதல் மரியாதை ஒருமைக்கும் வந்தன. பைபிளில் கடவுளை அழைப்பதால் 'தௌ' மரியாதைச் சொல் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். தேவாரம் சிவனை நீ என்று அழைப்பதை நினைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஒரு பாத்திரம் திடீரென்று 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு மாறினால் அங்கே கோபமோ நெருக்கமோ வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போது இந்த ஒரு குறிப்பு நூறு இடங்களில் உதவும்.

வினை விகுதி: எழுதுகிறேன், எழுதுகிறாய், எழுதுகிறாள் என்று தமிழ் வினை ஆளைக் காட்டும். பழைய ஆங்கிலமும் காட்டியது. 'தௌ' வந்தால் 'எஸ்ட்', படர்க்கை ஒருமைக்கு 'எத்'. அவற்றுள் நிகழ்காலப் படர்க்கை ஒருமை மட்டும் 'எஸ்' என்ற உருவில் இன்றும் வாழ்கிறது. 'ஷி ரைட்' என்று எழுதுவது, தமிழில் 'அவள் எழுதுகிறேன்' என்பதற்கு நிகரான பிழை. இப்படி விளங்கிக்கொண்ட மாணவர் அந்த 'எஸ்'ஸை மறப்பதில்லை.

கேள்வி: 'உனக்குத் தெரியுமா' என்று கேட்க, பழைய ஆங்கிலத்தில் வினையை முன்னால் தூக்கிவைத்தால் போதும். 'டூ' என்ற துணைவினையைச் சேர்க்கும் வழக்கம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் நிலைபெற்றது. பாலடில் 'டூ' இல்லாத கேள்விகளை அடிக்கோடிட்டு, அவற்றை இன்றைய வடிவில் மாற்றி எழுதுவது நல்ல பயிற்சி.

நேர்கூற்றும் அயற்கூற்றும்: பாலட் முழுக்க உரையாடல், யார் சொன்னார் என்ற குறிப்புகூடப் பல இடங்களில் இருக்காது. அதை அயற்கூற்றாக மாற்றும்போது தமிழ் மாணவருக்குச் சிக்கல் வருகிறது. தமிழில் 'நான் வருகிறேன் என்று அவன் சொன்னான்' என்றால், உள்ளே இருக்கும் 'நான்' மாறாது, காலமும் மாறாது. ஆங்கிலத்தில் 'நான்' அவனாகும், நிகழ்காலம் இறந்தகாலமாகும். 'லார்டு ராண்டல்' உரையாடலை ஐந்து வாக்கியங்களில் அயற்கூற்றாக எழுதிப் பார்த்தால், இலக்கணப் புத்தகத்தின் பயிற்சிகளைவிட வேகமாகப் பிடிபடும்.

எழுத்தும் ஒலியும்: 'நைட்' என்ற சொல்லில் ஒலிக்காத எழுத்துகள் ஏன்? சாசர் காலத்தில் அவை ஒலித்தன. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையே நெட்டுயிர்களின் ஒலி பெரிதும் மாறியது. ஆனால் 1476இல் கேக்ஸ்டன் அச்சுக்கூடம் தொடங்கியபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. இன்றைய ஸ்பெல்லிங் பழைய உச்சரிப்பின் பதிவு.

மரபுத்தொடர்கள்: ஜோடி சேர்த்துப் படிப்பது

ஜான் ஹேவுட் என்ற நாடகாசிரியர் 1546இல் ஆங்கிலப் பழமொழிகளைக் கோத்து ஒரு நூல் வெளியிட்டார். இன்று புழங்கும் பல பழமொழிகள் அதில் இருக்கின்றன. தமிழ்ப் பக்கம், பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு உள்ளன. ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்துத் தந்தார்.

இவற்றைக் கொண்டு ஒரு ஜோடி நோட்டு தயாரிக்கலாம். 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்': வெயில் இருக்கும்போதே வைக்கோலைக் காயவை. நம் ஊரில் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். இலவசமாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்கிறது ஆங்கிலம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறது தமிழ். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பது இரு நாட்டுச் சந்தைக்கும் பொது. தீச்சுட்ட குழந்தை நெருப்புக்கு அஞ்சும் என்பதன் ஜோடி, சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

பழமொழிக்கு ஜோடி தேடலாம்; அன்றாடத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கக் கூடாது. லைட்டைப் போடு என்பது 'புட் த லைட்' ஆகாது, 'ஸ்விட்ச் ஆன்' ஆக வேண்டும். மரபுத்தொடரில் ஒரு சொல்லைக்கூட மாற்றவும் கூடாது. பூனையும் நாயுமாக மழை பெய்தது என்ற தொடரை இன்றைய ஆங்கிலேயர் பேச்சில் அதிகம் கேட்க முடியாது. பள்ளிக் கட்டுரையில் வந்தால் பழைய வாடை அடிக்கும். புதிதாகக் கற்கும் தொடரைத் தனியாக எழுதிவைக்காமல், அது வந்த முழு வாக்கியத்தோடு எழுதிவைப்பது பாதுகாப்பு.

ஆறு வாரத் திட்டம்

முதல் வாரம்: 'சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்', 'லார்டு ராண்டல்' ஒலிப்பதிவுகளை ரயிலில் தினமும் கேட்பது. ஒரு பாடல் சில நிமிடம்தான். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு சேர்வதற்குள் நான்கைந்து முறை கேட்டுவிடலாம். புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம்: அச்சிட்ட பாடலைக் கையில் வைத்து, தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பது. தெரியாத ஸ்காட்லாந்துச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுவது.

மூன்றாம் வாரம்: தேசிங்கு ராஜன் கதையைப் 'பெரிய எழுத்து'ப் பதிப்பில் படித்து, பாலடின் மூன்று அடையாளங்களும் எங்கே வருகின்றன என்று குறிப்பது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பழைய பதிப்புகள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடலாம்.

நான்காம் வாரம்: மேலே சொன்ன இலக்கணப் பயிற்சிகள், நாளுக்கு ஒன்று.

ஐந்தாம் வாரம்: சாசரின் மூன்று குடிகாரர் கதை, இன்றைய ஆங்கிலத்தில் முழுதாகவும் மூலத்தில் இருபது வரிகளும். பிறகு பேவுல்ஃபின் முதல் நூறு வரிகள், மொழிபெயர்ப்பில். எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகங்களில் தேடிப் பார்க்கலாம். சாசரும் சைல்ட் தொகுப்பும் காப்புரிமை தீர்ந்தவை என்பதால் இணையத்தில் இலவசம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் நடத்தும் ஒற்றைத்தாள் பாலட் காப்பகத்தில் தாளின் படமும், பல பாடல்களுக்குப் பாடிய பதிவும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆறாம் வாரம்: வீட்டில் பாட்டியோ தாத்தாவோ அறிந்த ஒரு தாலாட்டையோ, கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டையோ கைபேசியில் பதிவுசெய்து, ஆங்கிலத்தில் நான்கு வரிப் பத்திகளாக எழுத முயல்வது. இயைபு சரியாக அமையாவிட்டால் விட்டுவிடலாம். தட்டுக் கணக்கை மட்டும் விடக் கூடாது. எழுதியதை வகுப்பில் ஒருவர் பாட, மற்றவர்கள் தட்டட்டும். தட்டு எங்கே பிசகுகிறதோ அந்த வரியைத் திருத்தினால் போதும்.